பெனடிக்ட் நீலம்

மயில்துத்தம் கரைந்த தண்ணீரைப் பார்த்தவர்களுக்குப் பெனடிக்ட் கரைசலின் நிறத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக் குழாயில் அதை ஐந்து மில்லி எடுத்து, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பார்க்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். சங்கரன்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் வேறெதையும் விட இந்த ஐந்து நிறங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

போன மாதம் ஒரு முகாமில் என் விரல் நுனியைக் குத்தி, ஐந்தே விநாடியில் சர்க்கரை அளவைச் சொன்ன டெக்னீஷியன் பெண், இந்த மிஷின் இல்லாத காலத்தில் எப்படி சார் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். வரிசையில் ஆள் நின்றதால் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது.

எனக்குச் சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். பாளையங்கோட்டையில் ஒரு வருடம் பயிற்சி. அதில் கற்றதை விட, கண்ணாடிச் சாமானை உடைக்காமல் கழுவப் பழகியதுதான் அதிகம். எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் சேர்ந்த மறு வருடம் டாக்டர் ஜெபமணி வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். கையில் வளையல் கிடையாது, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச் ஒன்று மட்டும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசும்போது மற்றவர்கள் பேச்சை நிறுத்தினால்தான் கேட்கும். அதனால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள்.

மற்ற டாக்டர்களுக்கு நான் சீட்டில் எழுதி அனுப்பும் முடிவு போதும். ஜெபமணி அம்மாவுக்குப் போதாது. ஆய்வுக்கூடத்துக்கு அவரே வருவார். குழாயை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்ப்பார். நான் ஒரு முறை "லேசான மஞ்சள்" என்று எழுதிவிட்டேன். அந்தச் சீட்டோடு வந்து நின்றார். "லேசாங்கிறது என்ன நிறம் பரமசிவம்? பச்சையா, மஞ்சளா? ரெண்டுல ஒண்ணை எழுதுங்க. உங்களுக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு எழுதுங்க. அதுக்குக் கோபப்பட மாட்டேன்." அன்றிலிருந்து லேசு என்ற சொல்லை நான் எழுதவில்லை.

நோயாளியையும் கூடவே அழைத்து வருவார். அவர்கள் கண் முன்னால் நான் சோதனையைச் செய்ய வேண்டும். நீலம் கலங்கிச் சிவந்து, அடியில் செங்கல் பொடி போலப் படிவதைப் பார்த்தபின் அவர்களிடம் பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

மீதிப் பாதி கடினமாக இருந்தது. அப்போது எங்களிடம் ஸ்டென்சில் வெட்டிப் பிரதி உருட்டிய உணவுச் சீட்டு ஒன்று இருந்தது. இரண்டு துண்டு ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, ஒரு ஆப்பிள் என்று அதில் இருக்கும். நெல்லுச்சோற்றை மூன்று வேளையும் உண்கிற ஊரில் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். கோதுமை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி ராத்திரிக்கு எட்டுச் சப்பாத்தி தின்றவர்களும் உண்டு. மறு மாதம் குழாய் அதே செங்கல் நிறத்தைக் காட்டும்.

அந்த நிலையில்தான் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார்.

அவர் தவசுப்பிள்ளை. எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் வரை அவர் கைக்கு மவுசு. நாற்பத்தொன்பது வயது, தொண்ணூற்று நாலு கிலோ. தை மாதம் அடுத்தடுத்து நாலு முகூர்த்தம் முடித்து வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் தரையைத் துடைக்கப் போன அவர் மனைவி பிச்சம்மாள், அடுப்படியிலிருந்து வாசல் வரை ஒரே காலின் ஈரத்தடம் இருப்பதைப் பார்த்திருக்கிறார். தண்ணீராக இல்லை, பிசுபிசுத்தது. புருஷன் இடது காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு விரலும் அவற்றுக்குக் கீழே உள்ள சதையும் வெந்து, தோல் கழன்று, சீழ் பிடித்திருந்தது. சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி காலில் கொட்டியிருக்கிறது. கொட்டிய நாள் எது என்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை என்றார்.

கொதிகஞ்சி பட்டு ஒரு மனிதனுக்கு வலிக்காமல் இருக்க முடியும் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். ஜெபமணி அம்மா அவர் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பஞ்சுத் திரியால் உள்ளங்காலிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே போனார். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வந்தபிறகுதான் அண்ணாச்சி "இப்ப தெரியுது" என்றார். குழாய் செங்கல் நிறம். ரத்தத்தில் சர்க்கரை முந்நூறை ஒட்டி இருந்தது.

இரண்டு விரலை எடுத்துவிடுவதே நல்லது என்று பார்க்க வந்த சர்ஜன் சொன்னார். பத்து நாள் கொடுங்கள் என்று ஜெபமணி அம்மா கேட்டு வாங்கினார். தினமும் புண்ணை அவரே கழுவிக் கட்டினார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து இன்சுலின் போட்டோம். ஐந்து வாரத்தில் புண் ஆறியது. விரல்கள் பிழைத்தன.

வீட்டுக்குப் போகும் நாளில் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி. இந்த ஊசி ஆயுசுக்கும் வேண்டுமா? பக்கத்தில் நின்ற எல்லாருமே, எல்லாம் சரியாகிவிடும் என்று ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தோம். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

"உங்க வயசுல வார சர்க்கரைக்கு உடம்பு கனம்தான் பெரிய காரணம். ஒரு இருபது கிலோ குறைஞ்சா ஊசி வேண்டாமப் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அண்ணாச்சி, "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

உணவுச் சீட்டை அவரிடம் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்திலிருந்த தராசை என்னிடம் கொடுத்துத் தூக்கிவரச் சொல்லி, ஜெபமணி அம்மா அவர் வீட்டுக்கே நடந்தார். வழக்கமாக எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே இலை போடுங்கள் என்றார். பிச்சம்மாள் பரிமாறினார். ஒவ்வொரு கரண்டிச் சோற்றையும் தட்டில் வாங்கி நிறுத்து, நான் எடையைச் சொல்ல, டாக்டரம்மா எழுதிக்கொண்டார். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. நடுவில் நெய், அப்பளம், பாயசம். கை கழுவுவதற்குள் சோறு மட்டும் ஒரு கிலோவை நெருங்கியிருந்தது.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார்.

"ஐநூறு இலைக்கு எத்தனை படி அரிசின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என் இலைக்கு நான் அளவு பாத்ததே இல்ல."

அவருடைய கரண்டியிலேயே அளவு போட்டார் டாக்டரம்மா. மத்தியானம் ஒன்றரைக் கரண்டிச் சோறு. காலையும் ராத்திரியும் மூன்று இட்லி. இலையின் பாதி காய்கறியும் கீரையும். எண்ணெய் நாள் முழுவதற்கும் மூன்று தேக்கரண்டி. சீனி, வெல்லம், கிழங்கு கிடையாது. கம்பு, கேழ்வரகு சாப்பிடலாமா என்று பிச்சம்மாள் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதற்கும் இதே அளவுதான், எந்தத் தானியத்துக்கும் சலுகை கிடையாது என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். "அளவைச் சொல்லிட்டிய. ருசியை நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். தேங்காயைக் கால் பங்காகக் குறைத்து, சீரகமும் பச்சை மிளகாயும் கூட்டி, மோரில் ஒரு அவியல் வைத்தார். வாழைத்தண்டையும் கீரையையும் புடலங்காயையும் விதவிதமாகச் செய்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். டாக்டரம்மா தின்று பார்த்துவிட்டு, செய்முறையை எழுதி வாங்கி, பழைய உணவுச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக உருட்டச் சொன்னார். ரொட்டியும் ஓட்ஸும் போய், கரண்டியும் அவியலும் வந்தன.

முதல் மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. குழாய் ஆரஞ்சுக்கும் பிறகு மஞ்சளுக்கும் வந்தது. தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொள்வார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சித்திரையில் அந்தச் சம்பவம்.

காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாவது சாம்பிள் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பேச்சுக் குழறுவதைக் கேட்டுத் திரும்பினால், சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. பார்வை என் மேல் நிற்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சீக்கிரம் குறைய வேண்டும் என்று முந்தின ராத்திரியிலிருந்து மோர் மட்டும் குடித்திருக்கிறார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு இட்லியையும் விட்டிருக்கிறார்.

குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தலையைத் திருப்பினார். நான் தாடையைப் பிடித்தால் என்னைத் தள்ளினார். அந்த நிலையிலும் அவ்வளவு பலம். "சீனி தொட மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் சத்தம் கேட்டு ஜெபமணி அம்மா வந்தார். ஓடி வரவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். முகத்துக்கு நேராகக் குனிந்து, வழக்கமான அதே குரலில் பேசினார்.

"அண்ணாச்சி. விடச் சொன்னது நான்தான? இப்ப நான் சொல்லுதேன். குடிங்க."

அவர் வாயைத் திறந்தார்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்று, பேச்சு திரும்பியது. பட்டினி கிடந்ததற்காக அண்ணாச்சியை டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அண்ணாச்சியின் சிகிச்சை நோட்டை வாங்கி அவர் எழுதியதை நான் படித்தேன். சாப்பாடு குறையும்போது மருந்தையும் சேர்த்துக் குறைத்திருக்க வேண்டும், நான் தாமதித்துவிட்டேன், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு அதை அண்ணாச்சிக்கும் பிச்சம்மாளுக்கும் வாய்விட்டுச் சொன்னார். ஒரு டாக்டர் தன் தவறைத் தன் கையால் நோயாளியின் நோட்டில் எழுதியதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஊசியின் அளவு வாரா வாரம் இறங்கியது. ஒரு வேளைச் சாப்பாட்டையும் விடுவதில்லை என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். ஆனி மாதத்தில் எடை எழுபத்தொன்பது. ஊசி நின்றது.

ஆடி பிறந்ததும் அடுத்த சிக்கல். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வேண்டுதல் நடப்பார்கள். ஆடிச்சுத்து என்று பெயர். நூற்றொரு சுற்று சுற்ற வேண்டும் என்று அண்ணாச்சி நேர்ந்திருந்தார். நடப்பது நல்லதுதான், ஆனால் வெறுங்காலோடு கல் தரையில் நடக்கவே கூடாது, உங்கள் காலுக்குக் கொப்புளம் வந்தால் தெரியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து, செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே ரத வீதியைச் சுற்றினால் அம்பாள் ஏற்றுக்கொள்வாளா என்று கேட்டார். டாக்டரம்மா கிறிஸ்தவர்; எங்கள் பக்கம் வேதக்காரர் என்போம். அது எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கால் ஏற்றுக்கொள்ளும் என்றார்.

அண்ணாச்சி செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, உள்ளே கனத்த ஸ்பாஞ்ச் வைத்து ஒரு ஜோடி செய்துகொண்டார். விடியற்காலையில் நாலு ரத வீதியையும் சுற்ற ஆரம்பித்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது சில நாள் எதிரே வருவார். ஒரு நாள் டீக்கடையில் நின்ற ஒருவர் கேட்டார்: "செருப்பு மாட்டிக்கிட்டு ஆடிச்சுத்தாவே?"

அண்ணாச்சி நிற்கவில்லை. "கால் இருந்தாத்தானவே அடுத்த வருசமும் சுத்தணும்" என்று சொல்லிக்கொண்டே போனார். தபசு முடிந்து ஊர் காலியான பிறகும் அந்த நடை நிற்கவில்லை.

ஆவணியில் புளியங்குடியில் என் பெரியப்பா மகள் கல்யாணம். சமையல் அண்ணாச்சிதான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ருசி பார்ப்பதே தொழிலாக உள்ளவர், அண்டா அண்டாவாகப் பாயசம் காய்ச்சுகிறவர், எப்படி வாயைக் கட்டுவார்? சமையல் நடந்த ஆக்குப்புரையில் போய் நின்றேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஆவி வரும் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "உப்பு ஒரு கை கம்மி" என்றார். கூட வேலை செய்த ஆள் நாக்கில் விட்டுப் பார்த்து, சரிதான் என்றார். பாயசத்தைக் கரண்டியில் அள்ளி மேலிருந்து ஊற்றி, அது விழுகிற விதத்தைப் பார்த்தே அடுப்பைத் தணிக்கச் சொன்னார். துளி வாயில் படவில்லை. பந்தியில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்காதவர் குறைவு. எல்லாரும் உண்டபின், வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் கரண்டியால் ஒன்றரை அளந்து போட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். முப்பது வருடம் நாக்கால் செய்த வேலையை ஒரு மனிதர் மூக்குக்கும் கண்ணுக்கும் மாற்றிவிட்டார்.

மறு தை வந்தது. எடை எழுபத்தொன்று. ஊசி இல்லை, மாத்திரையும் இல்லை. குளுக்கோஸ் தாங்கும் சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார் ஜெபமணி அம்மா. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பிறகு நூறு கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தமும் சிறுநீரும் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம். ஐந்து குழாய்கள். உடம்பு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை இந்தச் சோதனையில் மறைக்க முடியாது.

முதல் குழாயைக் கொதிக்க வைத்தேன். நீலம். அரை மணிக் குழாய், நீலம். ஒரு மணிக் குழாய்தான் எல்லாருக்கும் காட்டிக்கொடுப்பது. கொதித்து அடங்கியது. நீலம்.

எனக்குப் பயம் வந்தது. கரைசல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். புதுக் குழாயில் கரைசலை எடுத்து, டம்ளர் அடியில் மிஞ்சியிருந்த குளுக்கோஸ் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். உடனே செங்கல் நிறம். கரைசல் நன்றாகத்தான் இருந்தது. மீதி இரண்டையும் செய்தேன். ரத்தச் சோதனையையும் முடித்து இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன். ஐந்து குழாயையும் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு டாக்டரம்மா அறைக்கு நானே போனேன்.

வழக்கம்போல ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தார். ஒவ்வொன்றாக, ஐந்தையும் பார்த்தார். ரத்தத்தின் எண்களைப் படித்தார். மறுபடி குழாய்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்படி நடக்கும்னு பாடத்துல படிச்சிருக்கேன் பரமசிவம். கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்."

அண்ணாச்சியையும் பிச்சம்மாளையும் உள்ளே கூப்பிட்டார். குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தார். எடை ஏறினால் திரும்பி வரும், ஏறாவிட்டாலும் வயது ஆக ஆக வரலாம் என்றார். இன்றைக்கு இல்லை, அது மட்டும் உண்மை என்றார். பிச்சம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி குழாய்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவராலும் முடியவில்லை, உங்களால் எப்படி முடிந்தது என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார். மருந்தைப் பற்றி அல்லாமல் ஒரு நோயாளியிடம் அவர் அப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை.

"எல்லாரும் சரியாயிரும்னு சொன்னாவ. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொன்னிய. இவுக பொய் சொல்ல மாட்டாவன்னு தோணிச்சு. மத்தது எல்லாம் அதுல இருந்து வந்ததுதான்."

அதற்குப் பிறகும் அவர் மாதம் தவறாமல் வந்தார். குழாய் நீலமாகவே இருந்தது. வருடங்கள் போயின. ஜெபமணி அம்மா மாற்றலாகி, திரும்ப சங்கரன்கோவிலுக்கே வந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அண்ணாச்சியின் குழாய் பச்சையாயிற்று. நான் மூன்று தரம் செய்து பார்த்தேன். மூன்றும் பச்சை. எடை அதே எழுபத்தொன்றுதான். அவர் மேல் எந்தப் பிசகும் இல்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது என்று தெரியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சியே வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"பச்சைதான?"

ஆமாம் என்றேன்.

"ஏழு வருசம் சும்மா இருந்துதே, அதுவே பெருசு" என்றார். பிச்சம்மாளிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், நான் முந்திக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இளையரசனேந்தலில் மறுநாள் ஒரு கல்யாணம், மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பியவரை ஆய்வுக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு விரல் இடுக்கிலும் விரலை விட்டுத் தடவினார். பிறகு அடுத்த காலுக்கும் அதே போல. போகிறவர் வருகிறவர் யாரையும் அவர் கவனிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்.